மூன்று பியூஸ் தின்ற குக்கர்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மா ரைஸ் குக்கரை இரண்டு கையாலும் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார். "லைட்டே எரியல தம்பி. பிளாக்கை மாத்தி மாத்திக் குத்திப் பார்த்துட்டேன்."

1.8 லிட்டர், 700 வாட், ஒரே ஒரு விசை. கீழே அழுத்தினால் சோறு ஆகும், தானாக மேலே எகிறினால் சூடு காக்கும். அவ்வளவுதான் அதன் புத்தி. ஆறு வருடத்துக்கு முன் கோயில் விருந்தில் அதிர்ஷ்டக் குலுக்கலில் விழுந்தது. புதிதாக வாங்கினால் எழுபது எண்பது மலேசிய வெள்ளிக்குள் முடிந்துவிடும். ஆனால் அம்மாவுக்கு இந்த ஜென்மத்தில் குலுக்கலில் விழுந்த ஒரே பொருள் அதுதான். ஆகவே தூக்கிப் போடுகிற பேச்சுக்கே இடமில்லை.

எங்கள் வீடு பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனுக்கு வெளியே ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், இருக்கிறது. முன்பு பால்மரக் காடு, பிறகு செம்பனை, இப்போது கல் வீடுகள். நான் ஓர் இடைநிலைப்பள்ளியில் ஆய்வுக்கூட உதவியாளர். மல்டிமீட்டரும் சால்டரிங் இரும்பும் வீட்டிலேயே உண்டு. கூடவே, எதையும் திறந்து பார்க்காமல் தூக்கம் வராத வியாதியும் உண்டு.

சுவர் சாக்கெட்டிலிருந்து பிளாக்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குக்கரைக் கவிழ்த்தேன். வயிற்றுப் பக்கத் தகட்டில் மூன்று திருகுகள். இரண்டு கண்ணுக்குத் தெரிந்தன. மூன்றாவதை ரப்பர் காலுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார்கள். அதைக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம் போனது. தகடு கழன்றதும் காய்ந்த கஞ்சி வாடை குப்பென்று அடித்தது, ஒரு கரப்பான் ஓடியது.

உள்ளே ஐந்தாறு பொருள்கள்தான். நடுவில் தடித்த அலுமினியச் சூடுதட்டு. அதற்குள் வட்டமாக வார்த்துப் பதித்த ஹீட்டர் குழாய். குழாய்க்குள் நிக்ரோம் கம்பிச்சுருள், அதைச் சுற்றி அமுக்கி அடைத்த மக்னீசியம் ஆக்சைடு தூள். இந்தத் தூள் ஓர் அபூர்வ ஜாதி. சூட்டை நன்றாக விடும், கரண்டை விடாது. அது இல்லாவிட்டால் ஒன்று தட்டே ஷாக் அடிக்கும், அல்லது சூடு வெளியே வராமல் கம்பி உள்ளேயே உருகிப் போகும். தட்டின் நடு ஓட்டையில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்த ஒரு சின்ன உலோகக் குமிழ். பக்கவாட்டில் பெல்ட் மாதிரி சுற்றிய மெல்லிய ஹீட்டர், சூடு காப்பதற்கு. ஒரு சுவிட்சு, இரண்டு நியான் விளக்குகள், கடைசியாக வெள்ளைக் கண்ணாடியிழை உறைக்குள் பதுங்கிய வெப்ப பியூஸ்.

பெரிய ஹீட்டரை அளந்தேன்: 75.4 ஓம். 230 வோல்ட்டை 230-ஆல் பெருக்கி 75.4-ஆல் வகுத்தால் 702 வாட். தட்டில் அச்சடித்த கணக்கோடு பொருந்துகிறது, ஆகவே ஹீட்டருக்கு உயிர் இருக்கிறது. பெல்ட் ஹீட்டர் 1,310 ஓம், அதுவும் சரி. பியூசின் இரு முனையிலும் மீட்டரை வைத்தேன். பீப் சத்தம் வரவில்லை. பியூஸ்தான் போயிருந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சர்க்யூட்டைப் பார்த்து நான் சொக்கிப் போனேன். விசையை அழுத்தினால் சுவிட்சு பெல்ட் ஹீட்டரைக் குறுக்கே இணைத்து மடக்கிவிடுகிறது. முழு மின்னழுத்தமும் பெரிய ஹீட்டருக்கே போகிறது. விசை எகிறினால் சுவிட்சு திறக்கிறது. இப்போது இரண்டு ஹீட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் நிற்கின்றன, மொத்தம் 1,385 ஓம். எங்கள் வீட்டு லைனில் அன்று 236 வோல்ட் இருந்தது. வகுத்தால் 0.17 ஆம்பியர். பெல்ட்டில் 38 வாட், பெரிய ஹீட்டரில் வெறும் இரண்டு வாட். சோற்றைச் சூடு காக்க அது போதும்.

விளக்குகள் எரிகிற சூட்சுமம் இன்னும் அழகு. ஒரு நியான் பெரிய ஹீட்டரின் குறுக்கே, இன்னொன்று பெல்ட்டின் குறுக்கே. சமைக்கும்போது பெரிய ஹீட்டரில் 236 வோல்ட், அதன் விளக்கு எரியும். பெல்ட்டில் பூச்சியம், அதன் விளக்கு அணையும். சூடு காக்கும்போது 236 வோல்ட்டில் 223 பெல்ட்டுக்குப் போய்விடுகிறது, பெரிய ஹீட்டருக்கு மிஞ்சுவது 13. அந்தப் பதின்மூன்றில் நியான் எரியாது. தனி சுவிட்சு கிடையாது, சில்லு கிடையாது. ஓம் விதி ஒன்றே இரண்டு விளக்கையும் மாற்றி மாற்றி ஏற்றி அணைக்கிறது. பள்ளியில் இதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டும்போது தூங்குகிற பிள்ளைகளிடம் ஒரு பழைய குக்கரைத் திறந்து காட்டலாம். சரி, அது வேறு கதை.

இரண்டு விளக்குமே எரியாவிட்டால் கரண்டு உள்ளேயே வரவில்லை என்று பொருள். வாசலில் நிற்கிற பியூஸ்மேல் சந்தேகம் விழுவது அதனால்தான்.

பியூஸ் உடம்பில் எழுதியிருந்தது: 250 வோல்ட், 10 ஆம்பியர், 172 டிகிரி. இது பிளாக்குக்குள் இருக்கும் பியூஸ் மாதிரி கரண்டு கூடினால் போவது அல்ல. சூடு கூடினால் போவது. உள்ளே மெழுகு போன்ற ஒரு சிறு குளிகை ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்திருக்கும். 172 டிகிரியில் குளிகை உருகும், ஸ்பிரிங் விரியும், தொடர்பு அறும். ஒருமுறை போனால் போனதுதான், திரும்பி வராது.

டவுனில் ஹார்ட்வேர் கடைத் தவுக்கே, சீன முதலாளி, இழுப்பறையைத் துழாவி இரண்டு பியூஸ் எடுத்துக் கொடுத்தார். ஒன்று இரண்டரை வெள்ளி. ஒன்று போதும் என்றேன். "ரெண்டு எடு லா," என்றார் தமிழிலேயே. ஏன் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அரை மணி நேரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது.

சால்டரிங் இரும்பைச் சூடேற்றினேன். 350 டிகிரி. பழைய பியூசை வெட்டி எடுத்துவிட்டு, புதியதன் காலை வயரோடு சேர்த்துப் பிடித்து, ஈயத்தைப் பளபளவென்று ஓட விட்டேன். கடை வேலை மாதிரி இருந்தது. ஆற விட்டு மீட்டர் வைத்தால் பீப் இல்லை. மறுபடி வைத்தேன், இல்லை. மீட்டர் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். பிறகுதான் மண்டையில் உறைத்தது. 172 டிகிரியில் சாகிற பொருளின் காலில் 350 டிகிரி இரும்பைப் பத்து விநாடி வைத்திருக்கிறேன். செம்புக் கால் வழியாகச் சூடு விறுவிறுவென்று உள்ளே ஏறிக் குளிகையை உருக்கிவிட்டது. பியூஸ் தன் கடமையைச் செய்தது. கடமை தெரியாதவன் நான்தான்.

இதற்கு ஈயமே வைக்கக்கூடாது. சின்னச் செம்புக் குழாயில் இரண்டு வயரையும் நுழைத்துக் குறடால் நசுக்கிப் பிடிக்க வேண்டும். கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்திருந்தான், நான்தான் கவனிக்காமல் வெட்டினேன். இரண்டாவது பியூசை நசுக்கியே இணைத்தேன். கண்ணாடியிழை உறையைப் பழையபடி மாட்டி, பியூஸ் சூடுதட்டின் அடியில் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் ஒட்டி உட்காரும்படி கிளிப்பை முறுக்கினேன். இடம் மாறினால் அது அளக்கிற சூடும் மாறிவிடும். மூடுவதற்கு முன் பிளாக்கின் எர்த் காலிலிருந்து குக்கரின் உலோக உடம்புக்கு அளந்தேன்: 0.3 ஓம். உயிர்க்கம்பியிலிருந்து உடம்புக்கு அளந்தால் மீட்டர் எண் காட்டவில்லை. இரண்டும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

மத்தியானம் சோறு ஆனது. அம்மா எனக்கு இன்னொரு துண்டு கருவாடு வைத்தார்.

திங்கட்கிழமை ராத்திரி குக்கர் மறுபடி செத்தது.

இப்போதுதான் மாட்டுக்கு வைத்தியம் பார்க்கிறவன் மாதிரி யோசிக்க ஆரம்பித்தேன். பியூஸ் போவது வியாதி அல்ல, அறிகுறி. தட்டு ஏன் 172 டிகிரிக்கு ஏறுகிறது? நல்ல குக்கரில் அது ஏறவே கூடாது, ஏனென்றால் உள்ளே தண்ணீர் இருக்கிறது.

ரைஸ் குக்கரின் முழு ரகசியமும் தண்ணீர்தான். ஒரு லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 100-க்கு ஏற்ற ஏறத்தாழ 300 கிலோஜூல் வேண்டும். கொதிக்கத் தொடங்கிய பிறகு அதே ஒரு லிட்டரை முழுக்க ஆவியாக்க 2,257 கிலோஜூல், ஏழரை மடங்கு. அந்த நேரம் முழுக்க, நாம் எத்தனை வாட் கொடுத்தாலும், தண்ணீர் 100 டிகிரியை விட்டு நகராது. கொடுத்ததெல்லாம் ஆவியோடு போகும். அரிசி தண்ணீரைக் குடித்து, மிச்சமும் ஆவியாகி, அடியில் ஈரம் வற்றின பிறகுதான் சட்டியின் சூடு நூறைத் தாண்டும். அந்தத் தாண்டுதலைப் பிடித்துவிட்டால் சோறு ஆகிவிட்டது என்று அர்த்தம். கடிகாரம் தேவையில்லை. எத்தனை டம்ளர் அரிசி போட்டார்கள் என்றுகூடக் குக்கருக்குத் தெரிய வேண்டாம்.

பிடிக்கிற வேலை நடுவில் உள்ள குமிழுக்கு. அதற்குள் பெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன ஒரு வில்லை, அதன் கீழே நிரந்தரக் காந்தம். விசையை அழுத்தும்போது காந்தம் மேலே போய் வில்லையைக் கவ்விக்கொள்ளும். ஒவ்வொரு காந்தப் பொருளுக்கும் ஒரு சூடு உண்டு, அதைத் தாண்டினால் காந்தத்தன்மை போய்விடும். கியூரி வெப்பநிலை என்பார்கள், பியர் கியூரியின் பெயரால். இரும்புக்கு அது 770 டிகிரி. குக்கர் வில்லையை மட்டும் 103 டிகிரிக்குப் பக்கத்தில் வருகிற மாதிரிக் கலந்து செய்கிறார்கள். அந்தச் சூட்டில் காந்தம் பிடியை விடும், ஸ்பிரிங் இழுக்கும். அந்த "டக்" சத்தம் அதுதான்.

ஆரம்பத்தில் இந்தக் காந்தமும் இல்லை. 1955-இல் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்கு விட்ட முதல் தானியங்கிக் குக்கரை உருவாக்கியவர் யோஷிதாதா மினாமி. அதில் இரண்டு சட்டிகள். வெளிச்சட்டியில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஏறத்தாழ இருபது நிமிடத்தில் அது வற்றும், உடனே சூடு ஏறி ஈருலோகத் தகடு வளைந்து கரண்டை வெட்டும். தண்ணீரையே கடிகாரமாக்கிய மனிதர். அவர் வீட்டம்மாதான் அரிசியும் தண்ணீரும் அளந்து அளந்து ஆக்கிப் பார்த்துச் சோதனைகளை நடத்தினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எங்கள் குக்கருக்கு வருவோம். அம்மாவிடம் கேட்டேன், சோறு எப்படி வந்தது என்று.

"அடியில பிடிச்சுச்சு. மேல அரை வேக்காடு. விசை சும்மா சும்மா எகிறுது."

"எகிறினா என்ன செய்வீங்க?"

"அழுத்துவேன்."

"மறுபடி எகிறினா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தார். "ஒரு தேக்கரண்டியை முட்டுக் கொடுத்து வச்சேன். அப்புறம் எகிறல."

அப்புறம் எப்படி எகிறும்! காந்தம் விட்டாலும் கரண்டி விடாது. தண்ணீர் வற்றிய பிறகும் 700 வாட் போய்க்கொண்டே இருந்திருக்கிறது, பியூஸ் தன்னைக் கொடுத்து வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. முதல் பியூசும் இப்படித்தான் போயிருக்கும். ஆனால் விசை ஏன் சீக்கிரம் எகிறுகிறது என்பதுதான் இன்னும் பாக்கி.

உள்சட்டியைக் கவிழ்த்து, அடியில் இரும்பு ரூலரை நிமிர்த்தி வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தேன். ரூலருக்கும் சட்டிக்கும் நடுவில் பிறை மாதிரி வெளிச்சம். அடி உள்பக்கமாகக் குழிந்திருக்கிறது. இடைவெளி எவ்வளவு என்று அளக்கக் கருவி இல்லை. சாதாரண ஏ4 தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர் தடிமன். துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொன்றாகச் செருகினேன். ஐந்து தாள் வரை போனது, ஆறாவது போகவில்லை. அரை மில்லிமீட்டர்.

அரை மில்லிமீட்டர் ஒரு பொருட்டா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று சூட்டைக் கடத்துவதில் மகா சோம்பேறி, அலுமினியத்தைவிட எட்டாயிரம் ஒன்பதாயிரம் மடங்கு மட்டம். 150 சதுர சென்டிமீட்டர் பரப்பில் அரை மில்லிமீட்டர் காற்று இருந்து, தட்டு சட்டியைவிட 100 டிகிரி அதிகச் சூடாக இருந்தாலும், அந்தக் காற்று வழியாகக் கடந்து போவது 78 வாட்தான். ஹீட்டர் தள்ளுவது 700. சட்டியின் விளிம்பு தொடுகிற இடம் வழியாகக் கொஞ்சம் போகும், கதிர்வீச்சாகக் கொஞ்சம் போகும், மிச்சம் போக வழியில்லாமல் தட்டிலேயே தேங்கும். தட்டு காய்ந்து, பக்கத்தில் இருக்கும் குமிழையும் காய்ச்சும். சட்டிக்குள் தண்ணீர் 100-இல் நிற்கும்போதே வில்லை 103-ஐத் தாண்டிவிடும். டக். சோறு அரை வேக்காடு. அம்மாவுக்குக் கோபம். கரண்டி முட்டு. பியூஸ் சாவு.

சட்டி ஏன் குழிந்தது? அடியில் ஒரு கறுப்பு வளையம் இருந்தது. கேஸ் அடுப்பின் பர்னர் அளவுக்கு, பல் பல்லாக.

"இந்தச் சட்டியை அடுப்புல வச்சீங்களா?"

"நான் எங்கடா வச்சேன்?"

"கறுப்பா இருக்கே?"

"ஒரே ஒரு நாள் ரசம் சுட வச்சேன். பாத்திரமெல்லாம் கழுவப் போட்டிருந்துச்சு."

ஒரே ஒரு நாள் என்பதை நான் நம்பவில்லை, ஆனால் அம்மாவிடம் அதற்கு மேல் விசாரணை நடத்த முடியாது. மெல்லிய அலுமினியத்தின் நடுவில் மட்டும் தீ பட்டால் நடு விரியப் பார்க்கும். குளிர்ந்த விளிம்பு அதை விரிய விடாது. அது எங்கே போகும்? மேலே எக்கும், இல்லை கீழே புடைக்கும். ஆறினாலும் முழுக்கத் திரும்பாது.

சட்டியை நிமிர்த்தும் வேலை நான் பயந்த அளவுக்கு இல்லை. சமமான சிமெண்டுத் தரையில் துணி விரித்துச் சட்டியை வைத்து, உள்ளே வட்டமாக வெட்டிய பலகைத் துண்டை இறக்கி, ரப்பர் சுத்தியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டினேன். ஒவ்வொரு பத்துத் தட்டுக்கும் ஒருமுறை ரூலர், தாள். நான்கு தாள், மூன்று, இரண்டு. ஒரு தாள் இறுக்கமாகப் போகிற நிலைக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டேன். இன்னும் ஆசைப்பட்டால் மறுபக்கம் புடைத்துவிடும். தட்டின் மேல் ஒட்டிக் கருகியிருந்த இரண்டு சோற்றுப் பருக்கைகளையும் சுரண்டி எடுத்தேன். ஒரு பருக்கையே இரண்டு மில்லிமீட்டர், பிறகு சட்டி எப்படித் தட்டில் உட்காரும்? குமிழைச் சுற்றி இறுகியிருந்த கஞ்சியை ஈரத்துணியால் துடைத்ததும் அது ஸ்பிரிங் மேல் நன்றாகத் துள்ளியது.

மீண்டும் தவுக்கேயிடம் போனேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இழுப்பறையைத் திறந்தார்.

அடுத்த சனிக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். படிவம் ஒன்று படிக்கிறாள். குக்கர் சரியாகிவிட்டதா என்று சோதிக்க அவளை உதவிக்கு வைத்துக்கொண்டேன். வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஐஸ்பெட்டியைக்கூட, ஒரு லிட்டர் தண்ணீரைச் சட்டியில் ஊற்றி விசையை அழுத்தினோம். அவள் வாசலில் மின்மீட்டருக்கு முன்னால் கைப்பேசிக் கடிகாரத்தோடு நின்றாள். எங்கள் மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி சிமிட்டும். ஆயிரம் சிமிட்டல் ஒரு யூனிட் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அப்படியென்றால் ஒரு சிமிட்டல் 3,600 ஜூல்.

"இருபது சிமிட்டலுக்கு 97 விநாடி மாமா!"

72,000 ஜூலை 97-ஆல் வகுத்தால் 742 வாட். என் மல்டிமீட்டர் கணக்கு, 236 வோல்ட்டுக்கு, 739 வாட். வாசலில் தொங்குகிற பெட்டியும் என் மேசையில் இருக்கிற பெட்டியும் ஒருவரையொருவர் பார்க்காமலே ஒரே விடை சொன்னது அவளைவிட எனக்குத்தான் அதிக சந்தோஷம். அச்சில் 700 என்றிருப்பது 230 வோல்ட்டுக்கு. வோல்ட் கொஞ்சம் கூடினால் வாட் அதன் வர்க்கமாகக் கூடும்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்க 9 நிமிடம் 10 விநாடி ஆனது. 113 சிமிட்டல், 406 கிலோஜூல். தண்ணீருக்குள் போனது 301. நூற்றுக்கு 74. மிச்சம் தட்டையும் சட்டியையும் காய்ச்சியும் மூடி வழியாகவும் போனது.

கேஸ் அடுப்பு மலிவா, குக்கர் மலிவா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. அதையும் அன்றே பார்த்துவிட்டோம். கேஸ் கிலோ 1 வெள்ளி 90 சென், 14 கிலோ தோம்பு 26 வெள்ளி 60 சென். ஒரு கிலோ எரிந்தால் ஏறத்தாழ 46 மெகாஜூல். தீயில் பாதிதான் சட்டிக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் ஒரு லிட்டருக்கு 13 கிராம், இரண்டரை சென். மின்சாரம், பழைய கட்டண முறையில் முதல் 200 யூனிட்டுக்கு இருந்த 21.80 சென் கணக்கில், அதுவும் இரண்டரை சென். வழக்கு தள்ளுபடி.

"இந்தக் கரண்டு எங்கிருந்து மாமா வருது?" என்று கேட்டாள். எளிதான கேள்வி இல்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே பேராக் ஆறு ஓடுகிறது. தெமெங்கோர், பெர்சியா, கெனெரிங், செண்டேரோ என்று வரிசையாக நான்கு அணைகள். செண்டேரோ நாட்டின் மிகப் பழைய நீர்மின் நிலையங்களில் ஒன்று. அதற்கும் முன்னால் 1894-இல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி வைத்து ஓட்டியவர்கள் சீனத் தொழிலதிபர் லோக் யூவும் நம்மவர் தம்புசாமிப் பிள்ளையும். ஆனால் இன்று கம்பியில் வருவதில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும். மஞ்சோங் கடற்கரையில் கப்பலில் வந்து இறங்குகிற கரியை எரித்து, தண்ணீரைக் கொதிக்க வைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றி, அந்தக் கரண்டைக் கம்பியில் அனுப்பி, நாம் அதை வைத்து மறுபடி தண்ணீரைக் கொதிக்க வைக்கிறோம். கரியின் சூட்டில் பாதிக்கு மேல் கடலுக்கும் வானத்துக்கும் போய்விடுகிறது.

அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் சிரித்திருப்பார். அவர் செம்பனை ஆலையில் பாய்லர் பார்த்தவர். அங்கே கரியும் கிடையாது, டீசலும் கொஞ்சம்தான். எண்ணெய் பிழிந்த பிறகு மிஞ்சுகிற நாரும் ஓடும்தான் எரிபொருள். அந்த நீராவி முதலில் டர்பைனைச் சுற்றி ஆலைக்குக் கரண்டு கொடுக்கும். சுற்றிவிட்டு வெளியே வருகிற நீராவியையும் விடமாட்டார்கள், பழக்குலைகளை வேகவைக்க அனுப்புவார்கள். மூன்று பார் அழுத்தம், 140 டிகிரிக்கு மேல், ஒரு மணி நேரத்துக்கு மேலும் வேகும். நூறு டிகிரியைத் தாண்டாத தண்ணீர் அங்கே எப்படி 140-க்குப் போகிறது? அழுத்தம்தான். அழுத்தினால் கொதிநிலை ஏறும், விட்டால் இறங்கும். கேமரன் மலையில் தானா ராத்தா உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே சோறு வேக நேரம் பிடிக்கிறது என்று சித்தி சொல்வது சும்மா இல்லை.

அம்மா வேறு நினைவில் இருந்தார். அந்தக் காலத்துத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், சாயங்காலம் ஆறு மணிக்கு இன்ஜின் போடுவார்களாம், பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்களாம். அந்த நான்கு மணி நேரக் கரண்டில் விளக்கும் ரேடியோவும்தான். சோற்றுக்குப் பால்மர விறகு. "அப்ப யாரு கரண்டுல சோறு ஆக்குனா," என்றார்.

குக்கர் சரியான செய்தி சுவர் தாண்டிப் போனது. பக்கத்து வீட்டு அத்தை தன்னுடையதைக் கொண்டுவந்தார். "நல்லாத்தான் ஆக்குது தம்பி. கைப்பிடி மட்டும் சுடுது. சும்மா ஒரு பார்வை பாரு." திறந்தேன். பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துண்டுச் செம்புக் கம்பி முறுக்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கடையில் பத்து வெள்ளி கொடுத்துச் செய்ததாம். பக்கத்து வயர்களின் உறை பிஸ்கட் மாதிரி மொறுமொறுத்துப் போய், விரல் பட்டதும் உதிர்ந்தது. உள்ளே செம்பு அம்மணமாக, குக்கரின் உடம்பிலிருந்து ஒரு நெல் தூரத்தில். இரண்டரை வெள்ளிச் சாமானை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

"இதைத் திருப்பித் தரமாட்டேன் அத்தை," என்றேன். அத்தை முகம் வாடியது. நான் வயரைக் காட்டினேன், ஒரு துணுக்கு உறையை அவர் உள்ளங்கையில் உதிர்த்தேன். சாயங்காலமே மகனைக் கூட்டிக்கொண்டு புதுசு வாங்கப் போய்விட்டார்.

அத்தையின் குக்கர் இப்போது எங்கள் ஆய்வுப் பொருள். அதன் குமிழைப் பிரித்தெடுத்து, வில்லையையும் காந்தத்தையும் ஒட்ட வைத்து, காந்தத்தில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, கொதிக்கும் தண்ணீரில் இறக்கினோம். விடவில்லை. நூறு டிகிரியில் அது விடவும் கூடாது. பிறகு சின்ன வாணலியில் சமையல் எண்ணெய், நம் ஊர்ச் செம்பனை எண்ணெய்தான், அதில் இறக்கி மெதுவாகச் சூடேற்றினோம். நான் கையுறை போட்டுக்கொண்டேன், அவளை ஓரடி தள்ளி நிற்க வைத்தேன். அவள் தெர்மாமீட்டரைப் படித்துக்கொண்டே வந்தாள். 101. 102. 103. 104 என்று வாயைத் திறக்கும்போதே நட்டு வாணலி அடியில் டங் என்று விழுந்தது.

"செத்துப் போச்சா மாமா?"

ஆறவிட்டோம். நூறுக்குக் கீழே வந்ததும் இடுக்கியால் பக்கத்தில் கொண்டுபோனேன். பட்டென்று கவ்விக்கொண்டது. பியூஸ் மாதிரி இல்லை இது, எத்தனை தடவை விட்டாலும் மறுபடி பிடிக்கும். அவள் ஆறு தடவை செய்து பார்த்துக் கையேட்டில் எழுதிக்கொண்டாள். 104, 104, 103, 104, 105, 104.

"அரை லிட்டர் எண்ணெய்!" என்று அம்மா வாணலியை எட்டிப் பார்த்தார். அப்பளம் பொரிக்கலாமா என்று கேட்டார். பழைய குக்கரின் குமிழ் ஊறிய எண்ணெய், வேண்டாம் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அதை வடிகட்டி, பழைய எண்ணெய் வாங்குகிற லாரிக்காரனுக்காக அடுப்படி மூலையில் சேர்த்து வைத்திருக்கும் தோம்பில் ஊற்றினார். பயோடீசல் ஆக்குவார்களாம். கிலோவுக்கு எவ்வளவு தருகிறான் என்பது அம்மாவுக்கு மட்டும்தான் தெரியும்.